ஓட்டக்காரனின் முதல் ஒப்பந்தமே கடைசி ஒப்பந்தமா? என்எஃப்எல் நிர்வாகத்துக்கும் வீரர் சங்கத்துக்கும் ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் ஆணையர் அலுவலகத்துக்கும், 32 அணிகளின் உரிமையாளர்களுக்கும் பொது மேலாளர்களுக்கும், வீரர் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கும்:

ஒரு பருவத்துக்கு 17 ஆட்டங்கள் என்பதை 18 ஆக்க வேண்டும் என்ற விருப்பத்தை லீக் தரப்பு பல முறை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட, 2030 பருவம் வரை நடப்பில் இருக்கும் கூட்டு ஒப்பந்தத்தை அதற்காகத் திறக்க வேண்டியிருக்கும். அப்படித் திறக்கும்போது பேசியே தீர வேண்டிய ஒன்றைத் தொடாமல் கடந்துபோய்விடுவீர்களோ என்ற அச்சத்தில் இதை எழுதுகிறேன். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணியின் உடல்களுக்கு நடுவே புகுந்து ஓடுகிற ரன்னிங் பேக்குக்கு நீங்கள் இரு தரப்பும் சேர்ந்து எழுதிவைத்திருக்கும் விதிகள் நியாயமானவை அல்ல. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ரன்னிங் பேக்கை முதல் சுற்றில் எடுப்பது வீண் என்று ஒவ்வோர் ஏப்ரலிலும் எழுகிற பேச்சு அந்த விதிகளின் பிள்ளை. விதியை எழுதியவர்கள் நீங்கள் என்பதால் உங்களிடமே முறையிடுகிறேன்.

நான் நியூ ஜெர்சியில் 22 ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். பள்ளி, கல்லூரி அணிகளில் அமெரிக்கக் கால்பந்து ஆடி முழங்காலையும் கணுக்காலையும் தோளையும் முறித்துக்கொண்டு வருகிற பிள்ளைகளே என்னிடம் வருவோரில் பெரும்பாலோர். என் மகனும் பள்ளி அணியில் ரன்னிங் பேக்காக ஆடினான். இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகங்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். இங்கே தமிழில் எழுதுவதற்குக் காரணம், எடிசனிலும் டல்லாஸ் புறநகர்களிலும் வெள்ளிக்கிழமை இரவுகளில் பள்ளி மைதானத்தின் இரும்புப் படிக்கட்டுகளில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எங்கள் பெற்றோரும் இதைப் படித்து என்னோடு நிற்க வேண்டும் என்பதுதான்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாலை, பருவம் முடிந்த வாரத்தில், மகனின் பயிற்சியாளர் எங்களை அழைத்தார். பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. “உங்கள் மகனுக்கு ஓட்டம் இயல்பாக வருகிறது. ஆனால் அந்த இடத்தில் எதிர்காலம் இல்லை. கல்லூரிகளும் அப்படித்தான் பார்க்கின்றன, மேலே உள்ளவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டிலிருந்து, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாற்றிவிடுவோம்” என்றார். திரும்பி வரும்போது காரில் மகன் வாய் திறக்கவில்லை. செயற்கைப் புல்தரையிலிருந்து காலுறைக்குள் புகுந்திருந்த கறுப்பு ரப்பர்த் துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தான். வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகுதான் கேட்டான்: “நான் சரியா ஓடலையாம்மா?”

அவன் சரியாகத்தான் ஓடினான். பதினைந்து வயதுப் பையனுக்கு இதைவிடக் கடினமான ஒன்றை நான் விளக்க வேண்டியிருந்தது: நன்றாக ஓடுவதற்கும் ஓட்டத்துக்குக் கிடைக்கும் மதிப்புக்கும் தொடர்பு அறுந்துபோயிருக்கிறது என்பதை.

எப்படி அறுந்தது என்பதை நான் அறிந்தவரை சொல்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். 2010 வரை டிராஃப்டில் முன்னால் எடுக்கப்பட்டவர்கள் அணியோடு பேரம் பேசித் தங்கள் ஊதியத்தை முடிவுசெய்தார்கள். அவ்வாண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அவர், 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. அதில் 5 கோடி உறுதிசெய்யப்பட்ட பணம். 2011 கூட்டு ஒப்பந்தத்தில் புதுமுக ஊதியத்துக்கு அளவுகோல் வகுத்தீர்கள். அவ்வாண்டு முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது 4 ஆண்டுகளுக்கு 2.2 கோடி. அன்றிலிருந்து எத்தனையாவதாக எடுக்கப்படுகிறார் என்பதே ஊதியத்தை முடிவுசெய்கிறது. எந்த இடத்தில் ஆடுகிறார் என்பது கணக்கில் இல்லை. டிராஃப்டில் வந்தவர் 4 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது பருவம் முடியும்வரை அதை மாற்றிப் பேசக்கூட முடியாது. முதல் சுற்றில் வந்தவரானால், அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் பிடித்துவைத்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் ஃபிராஞ்சைஸ் டேக் என்ற ஓராண்டுக் கட்டுப்பாட்டைப் போட்டு ஆறாம் ஆண்டும், ஏழாம் ஆண்டும் கட்டிவைக்கலாம்.

குவார்ட்டர்பேக்குக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. பேட்ரிக் மஹோம்ஸ் 2017-இல் பத்தாவதாக எடுக்கப்பட்டு 4 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 1.64 கோடிக்கு ஆட வந்தார். அந்த மலிவான ஒப்பந்தத்தில் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை ஒரு முறை வென்று கொடுத்தார், 24 வயதில் 10 ஆண்டுகளுக்கு 45 கோடி நீட்டிப்பைப் பெற்றார். அவருடைய உடலுக்கும் கைக்கும் அதற்குப் பிறகும் பத்து பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அதே டிராஃப்டில் நான்காவதாக எடுக்கப்பட்ட ரன்னிங் பேக் லெனர்டு ஃபோர்னெட்டுக்கு முதல் ஒப்பந்தத்தில் மஹோம்ஸைவிட அதிகமாக, ஏறத்தாழ 2.72 கோடி கிடைத்தது. நான்காம் பருவம் தொடங்குவதற்கு முன்பே ஜாக்சன்வில் அணி அவரை வெளியேற்றிவிட்டது. பொது மேலாளர்களின் கணக்கு இங்கே எனக்குப் புரிகிறது. நான்காம் இடத்துக்கு உரிய ஊதியம் ரன்னிங் பேக் சந்தையில் மேல்தட்டு விலை. குவார்ட்டர்பேக் சந்தையில் அது அடிமாட்டு விலை. ஆகவே உயர்ந்த இடத்தில் ரன்னிங் பேக்கை எடுத்தால் அணிக்கு மிச்சம் குறைவு. டிராஃப்டில் நீங்கள் தேடுவது திறமையை மட்டும் அல்ல, திறமைக்கும் கொடுக்கும் கூலிக்கும் இடையிலான மிச்சத்தையும் சேர்த்துத்தான் என்றால், 2013, 2014, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளில் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக் பெயர்கூட வாசிக்கப்படாமல் போனதற்குக் காரணம் ஓட்டத்தில் மட்டும் இல்லை, உங்கள் அளவுகோலிலும் இருக்கிறது.

இந்த மிச்சக் கணக்கின் மறுபக்கத்தைத்தான் நான் என் சிகிச்சை அறையில் பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு ஒருவர் வந்தார். வயது 26. கல்லூரியில் மூன்றாண்டுகள் ஓடியவர், ஓர் அணியின் பயிற்சிக் குழுவில் ஒரு பருவம் இருந்து வெளியே வந்தவர். முழங்கால் சில்லின் மேல்விளிம்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் அளந்து, இரண்டு தொடைகளையும் சுற்றி நாடாவைப் பிடித்தேன். இடது தொடை மூன்றரை சென்டிமீட்டர் மெலிந்திருந்தது. படியிறங்கச் சொன்னால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில், எப்போதும் இடது காலை முதலில் கீழே வைத்து இறங்கினார். அறுவை செய்த காலை மடக்கி உடல் எடையைத் தாங்கவிடும் நம்பிக்கை அவருக்குப் போய்விட்டிருந்தது. எழுபது வயது மூதாட்டிகள் அப்படி இறங்குவதை நாள்தோறும் பார்க்கிறேன். 26 வயதில் ஒருவர் அப்படி இறங்கியதை எழுதிவைக்கும்போது என் கை ஒரு கணம் நின்றது. குவார்ட்டர்பேக்குகளும் ரிசீவர்களும் அடிபட்டு வருகிறார்கள்தான்; ஆனால் ரன்னிங் பேக்கின் காலில் இருப்பது ஒரு விபத்தின் காயம் மட்டும் அல்ல. ஓர் ஆட்டத்தில் இருபது முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இழுத்துத் தள்ளிச் சாய்த்ததன் தேய்மானம். அந்தத் தேய்மானம் இருபதுகளின் தொடக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. உங்கள் விதிப்படி அவர் விலை பேசத் தகுதி பெறுவதோ இருபதுகளின் பிற்பாதியில்.

உயர்நிலைப்பள்ளி முடித்து மூன்றாண்டுகள் ஆகாமல் டிராஃப்டுக்கு வரக்கூடாது என்பது உங்கள் முதல் பூட்டு. ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு முதலாண்டிலேயே தேசியக் கோப்பையை வென்று தந்த ரன்னிங் பேக் மாரிஸ் கிளாரெட் அந்தப் பூட்டை நீதிமன்றத்தில் உடைக்கப் பார்த்தார். 2004-இல் கீழ்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. அதே ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஆக, 18 வயதிலிருந்து 21 வரை கல்லூரிக்கு ஓட வேண்டும். கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் உரிமையே 2021-இல்தான் வந்தது. 21-இலிருந்து 25, 26 வரை முதல் ஒப்பந்தத்தில் ஓட வேண்டும். அதன்பிறகு அவர் பேரம் பேச உட்காரும்போது, அதே கால்களைக் காட்டி, “தேய்ந்துவிட்டாயே” என்கிறீர்கள். கரும்பாலைக்கு வெளியே கிடக்கும் சக்கைக்கு விலை கேட்பது போன்ற நிலையில் அவரை நிறுத்திவிட்டு, இது சந்தையின் முடிவு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

டேக் விஷயத்தைப் பார்ப்போம். ஒரு வீரருக்கு டேக் போட்டால் கொடுக்க வேண்டிய தொகை, அவருடைய இடத்தில் ஆடுவோரில் அதிக ஊதியம் பெறுகிறவர்களின் சராசரியை ஒட்டி அமைகிறது. அந்த இடத்தில் நீண்ட ஒப்பந்தம் கொடுக்க அணிகள் மறுத்தால் சராசரி இறங்கும்; சராசரி இறங்கினால் டேக் மலிவாகும்; டேக் மலிவானால் நீண்ட ஒப்பந்தம் கொடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகும். செக்குமாடு சுற்றுவது போல இது தன்னைத்தானே சுற்றுகிறது. 2017-இல் ரன்னிங் பேக்கின் டேக் தொகை 1 கோடியே 21 லட்சம் டாலர். 2023-இல் அது 1 கோடியே 91 ஆயிரம். அதே ஆறாண்டுகளில் ஓர் அணியின் ஊதிய உச்சவரம்பு 16.7 கோடியிலிருந்து 22.48 கோடியாக உயர்ந்தது. ரிசீவரின் டேக் 1.57 கோடியிலிருந்து 1.97 கோடியாக உயர்ந்தது. அணிகளின் செலவுத்தொகை மூன்றில் ஒரு பங்கு கூடிய காலத்தில், ஆட்டத்தில் அதிகம் அடிவாங்குகிறவரின் டேக் இருபது லட்சம் குறைந்திருக்கிறது. 2023-இல் பந்தைக் காலால் உதைப்பவர்களை விட்டுவிட்டால், எல்லா இடங்களிலும் குறைந்த டேக் அவருடையதுதான்.

அந்த ஆண்டு அந்தத் தொகைக்குக் கட்டப்பட்ட மூவரில் ஒருவர் ஜாஷ் ஜேக்கப்ஸ். முந்தைய பருவத்தில் 340 முறை பந்தைச் சுமந்து 1,653 யார்டு ஓடி, லீக்கிலேயே முதலிடத்தில் நின்றவர். அந்தப் பருவம் தொடங்குவதற்கு முன்புதான் அவருடைய அணி ஐந்தாம் ஆண்டு உரிமையை வேண்டாம் என்று விட்டிருந்தது. வேண்டாம் என்றது, ஓடவைத்தது, முதலிடம் வந்தபின் டேக் போட்டுக் கட்டியது. ஒவ்வொன்றும் விதிக்கு உட்பட்டே நடந்தது. எனக்கு அணியின் மேல் கோபம் இல்லை. விதியின் மேல்தான்.

இனி, உங்கள் பக்க வாதத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓட்டத்தின் யார்டுகளில் பெரும்பங்கு முன்வரிசையில் தடுப்பாட்டம் ஆடும் ஐவருக்கு உரியது என்பது உண்மை. பந்தை எறிவதால் கிடைக்கும் பலன் ஓடுவதால் கிடைப்பதைவிடச் சராசரியாகக் கூடுதல் என்பதும் உண்மை. 1978-இலிருந்து நீங்கள் செய்துவந்த விதி மாற்றங்கள் எறிபந்தாட்டத்துக்கே துணைநின்றன. பின்சுற்றில் கிடைத்தவர்கள் சாதித்திருக்கிறார்கள்: டெரெல் டேவிஸ் 1995-இல் ஆறாம் சுற்றில், 196-ஆவதாக வந்து 1998-இல் 2,008 யார்டு ஓடினார், ஏரியன் ஃபாஸ்டரை டிராஃப்டில் எவரும் எடுக்கவே இல்லை, 2010-இல் அவர்தான் லீக்கின் முதல் ஓட்டக்காரர், ஐசையா பச்சேகோ ஏழாம் சுற்றில் வந்து முதல் இரண்டு பருவங்களிலும் சூப்பர் பௌல் வென்றார். முன்சுற்றில் எடுக்கப்பட்டுத் தோற்றவர்களும் உண்டு. 2012-இல் மூன்றாவதாக எடுக்கப்பட்ட டிரென்ட் ரிச்சர்ட்சனை கிளீவ்லாந்து அடுத்த ஆண்டே மாற்றிக்கொண்டது. 1995-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட கி-ஜானா கார்ட்டர், பருவத்துக்கு முந்தைய ஆட்டத்தில் மூன்றாம் முறை பந்தைத் தொட்டபோதே முழங்கால் நாரை அறுத்துக்கொண்டார். அதன்பிறகு எந்த ரன்னிங் பேக்கும் முதலிடத்தில் எடுக்கப்படவில்லை. நீண்ட ஒப்பந்தம் கொடுத்து வருந்திய அணிகளும் இருக்கின்றன. டாட் கர்லிக்கு 2018-இல் 4 ஆண்டுகளுக்கு 5.75 கோடி கொடுத்த ராம்ஸ் அணி, 2020 மார்ச்சில் 25 வயதில் அவரை விடுவித்தது. எசேக்கியல் எலியட்டின் 6 ஆண்டு, 9 கோடி ஒப்பந்தமும் நான்காம் பருவத்தோடு முடிந்தது.

இவற்றை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கர்லியின் கதையை இன்னொரு முறை, காலவரிசையில் பாருங்கள். கல்லூரியில் முழங்கால் நார் அறுந்த மறு ஆண்டே பத்தாவதாக எடுக்கப்பட்டார். 2017-இல் 2,093 யார்டும் 19 டச்டவுனும் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது) குவித்து அவ்வாண்டின் சிறந்த தாக்குதல் வீரர் ஆனார். அப்போது அவருக்கு முதல் ஒப்பந்த ஊதியம்தான். அவருடைய சிறந்த ஆண்டு நடந்து முடிந்த பிறகு கொடுக்கப்பட்டதால்தான் அந்தப் பெரிய ஒப்பந்தம் வீணாகத் தெரிகிறது. செய்த வேலைக்குச் செய்த காலத்தில் கூலி கொடுத்திருந்தால், பின்னால் வருந்த வேண்டியிருந்திருக்காது. “ரன்னிங் பேக்குக்கு இரண்டாவது ஒப்பந்தம் கொடுக்காதே” என்று இன்று பாடமாகச் சொல்லப்படுவது, முதல் ஒப்பந்தம் தவறான காலத்தில் தவறான அளவில் இருப்பதன் விளைவு.

ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லியைப் பற்றி நியூ ஜெர்சிக்காரி நான் எழுதாமல் இருக்க முடியாது. 2018-இல் ஜயன்ட்ஸ் அணி அவரை இரண்டாவதாக எடுத்தபோது எங்கள் தெருவிலேயே இரண்டு கட்சிகள் இருந்தன. முதல் பருவத்தில் 261 முறை சுமந்தார், 91 முறை பிடித்தார், மொத்தம் 2,028 யார்டு. அணி வென்றது 5, தோற்றது 11. ஓட்டக்காரனால் அணி கரையேறாது என்றவர்களின் வாய்க்கு அதுவே அவல் ஆயிற்று. முன்வரிசை சிதைந்திருந்த அணி முதலில் அதைச் சரிசெய்திருக்க வேண்டும். அந்த ஆண்டு, அந்த அணிக்கு, அது தவறான தேர்வு என்றே இன்று நானும் நினைக்கிறேன். 2020 செப்டம்பர் 20, சிகாகோவில் எல்லைக்கோட்டருகே அவர் வலது முழங்கால் திரும்பியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மறு ஒளிபரப்பு வருவதற்கு முன்பே என் கணவரிடம் “ஏசிஎல்” (முழங்கால் நார்) என்றேன். மறுநாள் அணி அதையே அறிவித்தது. ஐந்தாம் ஆண்டுக்கு 72 லட்சம், ஆறாம் ஆண்டுக்கு டேக். 21 வயதில் வந்தவர் வேறோர் அணியோடு தடையின்றிப் பேரம் பேசும் நிலைக்கு வந்தது 2024 மார்ச்சில், 27 வயதில். நல்ல முன்வரிசை இருந்த பிலடெல்பியாவுக்குப் போனார். அந்தப் பருவத்தில் 2,005 யார்டு ஓடினார். 2025 பிப்ரவரி 9, தன் 28-ஆவது பிறந்தநாளில், சூப்பர் பௌலை வென்றார். அதற்கடுத்த மாதம் 2 ஆண்டுகளுக்கு 4.12 கோடி நீட்டிப்பு. ஆண்டுக்கு 2 கோடியைத் தாண்டிய முதல் ரன்னிங் பேக் அவர்தான்.

அவர் விதிவிலக்கு என்பீர்கள். டெரிக் ஹென்றி 30 வயதில் பால்டிமோருக்கு வந்து அதே 2024-இல் 1,921 யார்டு ஓடினார். அப்போது அவருடைய ஒப்பந்தம் 2 ஆண்டுகளுக்கு 1.6 கோடி. 2023-இல் ஜாமீர் கிப்ஸைப் பன்னிரண்டாவதாக எடுத்ததற்காக டெட்ராய்ட் அணியைப் பலரும் குறை சொன்னார்கள். மறு ஆண்டு அவர் 20 டச்டவுன் போட்டார், அணி 15 ஆட்டங்களை வென்றது. அமைந்த அணியில் ரன்னிங் பேக்கின் மதிப்பு உயர்கிறது, அமையாத அணியில் வீணாகிறது. இது எந்த ஆட்டக்காரனுக்கும் பொருந்தும். குவார்ட்டர்பேக்கை உயர்ந்த இடத்தில் எடுத்துத் தோற்ற அணிகளின் பட்டியல் இதைவிட நீளம். அதைக் காட்டி, குவார்ட்டர்பேக்கை முதல் சுற்றில் எடுக்கவே கூடாது என்று எவரும் சொல்வதில்லை.

ஆனால் நான் கேட்பது, இரக்கப்பட்டு ரன்னிங் பேக்குகளை முதல் சுற்றில் எடுங்கள் என்று அல்ல. எத்தனையாவதாக எடுக்கிறீர்கள் என்பது உங்கள் ஆட்ட அறிவு. என் முறையீடு, அந்த எண் ஒருவருடைய வாழ்நாள் வருமானத்தையே முடிவுசெய்வதாக இருக்கக் கூடாது என்பது. இரண்டாவதாக வந்த பார்க்லிக்கு முதல் 4 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 3.12 கோடி கிடைத்தது. 2020-இல் 41-ஆவதாக வந்த ஜானதன் டெய்லருக்கு அதே 4 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 78 லட்சம். அந்த 78 லட்சத்துக்குள்தான் 2021-இல் 1,811 யார்டு ஓடி லீக்கில் முதலிடம் பெற்றார். இரண்டாவது ஒப்பந்தம் கிடைக்கும் வேறு இடத்துக்காரருக்கு இந்த வேறுபாடு தாமதம் மட்டுமே. கிடைக்காத ரன்னிங் பேக்குக்கு அதுதான் எல்லாம். ‘முதல் சுற்றில் எடுக்காதே’ என்று ஒரு தொலைக்காட்சி அரங்கில் சொல்லப்படும் வாக்கியம், அவருடைய வீட்டுக்குள் நான்கில் மூன்று பங்கு கூலி வெட்டாக வந்து இறங்குகிறது. அங்கிருந்து கீழிறங்கி, எங்கள் ஊர்ப் பள்ளியின் பயிற்சியாளர் அறைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

ஆகவே கேட்கிறேன்.

டிராஃப்டில் வராமல் சேர்ந்த வீரர்கள் இரண்டாம் பருவம் முடிந்ததும் ஒப்பந்தத்தை மாற்றிப் பேசலாம் என்று உங்கள் விதியே அனுமதிக்கிறது. டிராஃப்டில் வந்த ரன்னிங் பேக்குகளுக்கும் அதே உரிமையைக் கொடுங்கள். அவர்களுடைய முதல் ஒப்பந்தத்தை 4 ஆண்டுகளிலிருந்து 3 ஆக்குங்கள். ஐந்தாம் ஆண்டு உரிமையை அவர்களுக்கு நீக்குங்கள். 24 வயதில் ஒருவர் தன் கால்களுக்கு விலை கேட்கட்டும். அப்போது கிடைக்கும் விலை குறைவாக இருந்தாலும் அது உண்மையான சந்தை விலையாக இருக்கும்.

ரன்னிங் பேக்குகளுக்கு ஃபிராஞ்சைஸ் டேக் போடுவதை நிறுத்துங்கள். உடனே முடியாது என்றால், மூன்று மாற்றங்களையாவது எழுதுங்கள்: டேக் தொகை முந்தைய ஆண்டைவிடக் குறையக் கூடாது, ஊதிய உச்சவரம்பு எந்த விகிதத்தில் உயர்கிறதோ அதே விகிதத்தில் உயர வேண்டும், ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைக்கு மேல் போடக் கூடாது. 2018-இல் லெவியான் பெல் இரண்டாம் டேக்கில் கிடைக்க இருந்த 1.45 கோடியை வேண்டாம் என்று சொல்லி ஒரு பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்தார். ஒருவர் தன் தொழிலின் ஒரு பருவத்தையே தீக்கிரையாக்கித்தான் தன் மறுப்பைச் சொல்ல முடியும் என்ற நிலை இனி எவருக்கும் வேண்டாம்.

வீரர் சங்கத்தினருக்குத் தனியாக ஒன்று. உச்சவரம்பு ஒன்றுதான், ரன்னிங் பேக்குக்குக் கூட்டினால் இன்னொருவருக்குக் குறையும் என்பது உங்கள் தயக்கமாக இருக்கலாம். 2023 ஜூலையில் ரன்னிங் பேக்குகள் தங்களுக்குள் காணொளியில் கூடிப் பேசி, செய்வதற்கு ஒன்றும் இல்லை என்ற மனநிலையில் கலைந்தார்கள் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் உங்கள் உறுப்பினர்கள். குறைந்த ஊதியத்தில் அதிகம் ஆடியவர்களுக்குக் கூடுதல் பணம் தரும் ஒரு நிதி உங்கள் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 18-ஆவது ஆட்டம் வருமானால் அதனால் வரும் புதிய வருவாயில் ஒரு பகுதியை அந்த நிதியில் தனிக் கணக்காக வையுங்கள். களத்தில் நின்ற நேரத்தை மட்டும் பார்க்காமல், பந்தோடு எத்தனை முறை மோதப்பட்டார் என்பதை எண்ணி, முதல் ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் பருவத்தின் முடிவிலேயே பிரித்துக்கொடுங்கள். எண்ணுவது கடினம் அல்ல. ஒவ்வொரு மோதலும் ஏற்கெனவே எண்ணப்படுகிறது. இதில் எவருடைய இன்றைய பங்கும் குறையாது.

உரிமையாளர்களே, சங்கத்தினரே: இவை எழுத்தில் வராமல் 18-ஆவது ஆட்டத்துக்குக் கையெழுத்திடாதீர்கள். ஓர் ஆட்டம் கூடினால் ரன்னிங் பேக்கின் காலில் இன்னும் இருபது மோதல்கள் கூடும் என்பதை, அந்தக் கால்களை நாடாவால் அளக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் இரு தரப்பின் பதிலையும் எழுத்து வடிவில் எதிர்பார்க்கிறேன். வரும் டிராஃப்டுக்கு முன்பு வந்தால், என் மகனுக்கு நானே படித்துக்காட்டுவேன்.

இங்ஙனம்,
நியூ ஜெர்சியிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர், ஓர் ஓட்டக்காரனின் தாய்